மருந்து கொடுத்தோம், ஆடு எழும்பியது. மருந்தால்தானா?

ஆடு மாடு வளர்க்கத் தொடங்கிய முதல் மாரியிலேயே இந்தக் கேள்வி வந்து நிற்கும். குட்டி கழிகிறது, வயிற்றோட்டம். பக்கத்துப் பட்டிக்காரர் ஒரு மருந்தைச் சொல்கிறார், கடைக்காரர் இன்னொன்றைச் சொல்கிறார். ஒன்றை வாங்கிப் பருக்குகிறீர்கள். மூன்றாம் நாள் குட்டி துள்ளுகிறது. அடுத்த மாரிக்கு அதே மருந்தைக் கடன் சொல்லியாவது வாங்குகிறீர்கள், இந்த முறை குட்டி செத்துப் போகிறது. முதல் தடவை மருந்துதான் காப்பாற்றியதா, அல்லது சும்மா விட்டிருந்தாலும் அந்தக் குட்டி பிழைத்திருக்குமா?

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, எங்கே போனாலும் "அந்த மருந்து திறம்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. எத்தனை ஆட்டுக்குக் கொடுத்தீர்கள், கொடுக்காத ஆடுகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் பதில் இல்லை. இந்தக் கணக்கை ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் இல்லாமல் நான் நிறைய அலைந்துதான் பழகினேன். புதிதாக வருகிறவர்கள் அந்த அலைச்சல் படக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஒரு கொப்பியும் கல்குலேட்டர் உள்ள போனும் போதும். சாதாரண தரத்தில் படித்த நிகழ்தகவு ஞாபகம் இருந்தால் இன்னும் சுகம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

1. எதைப் பரிசோதிக்கக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எருமைக்குக் கடுங்காய்ச்சல், தொண்டை வீக்கம், மூச்சு இழுப்பு என்றால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். ஒரே நாளில்கூடக் கொன்றுவிடும். மாட்டைவிட எருமையைத்தான் அது கூடுதலாகத் தாக்கும். அந்த நேரத்தில் பாதிக்கு மருந்து, பாதிக்கு இல்லை என்று கணக்குப் பார்க்கக் கூடாது. உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் அப்படித்தான். திடீரென்று விழுந்து செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் வந்தால் அந்த உடலை வெட்டவே வேண்டாம். அது அடைப்பானாக (அந்திராக்ஸ், தொண்டை அடைப்பான் அல்ல) இருந்தால் மனிதருக்கும் தொற்றும்.

தள்ளிப்போட்டாலும் உயிர் போகாத விஷயங்களுக்குத்தான் இந்த வழி: பூச்சி மருந்து (வயிற்றுப் புழுவுக்குக் கொடுப்பது), உண்ணி மருந்து, குட்டிகளின் மாரிக்காலக் கழிச்சலைத் தடுக்கவென்று விற்கும் மருந்து, பால் கூட்டும் பவுடர், கனியுப்புக் கட்டி. தொடங்க முதல் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆட்டுக்கான அளவு செம்மறிக்கோ மாட்டுக்கோ உள்ள அளவு அல்ல, சினை ஆட்டுக்குச் சில பூச்சி மருந்துகள் கூடாது. இதெல்லாம் வைத்தியர் சொல்ல வேண்டியவை.

2. சும்மா விட்டால் என்ன நடக்கும்?

எல்லாக் கணக்குக்கும் அத்திவாரம் இதுதான். கால் வாய் நோயை எடுங்கள். பட்டிக்குள் வந்தால் கிட்டத்தட்ட எல்லா மாட்டையும் பிடிக்கும். ஆனால் வளர்ந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான் சாகும், மற்றவை இரண்டு மூன்று கிழமையில் தாமாகவே தேறும். (கன்றுகளில் சாவு இதைவிட மிக அதிகம்.) ஆகவே அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும், வேப்பெண்ணெய் பூசினாலும், விலை கூடிய ஊசி போட்டாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாடு எழும்பும். அது வைரஸ் நோய். அன்ரிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது. புண்ணில் பின்னால் சேரும் கிருமிக்குத்தான் அது உதவும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, காலநிலை. புரட்டாசி வரை புல் காய்ந்து மாடு எலும்பாக நிற்கும். ஐப்பசியில் மழை விழுந்ததும் புல் தளிர்க்கும், பால் ஏறும். புரட்டாசிக் கடைசியில் சத்து மருந்து கொடுத்தவர் பால் ஏறியது மருந்தால் என்றுதான் நினைப்பார். பெரும்போக அறுவடைக்குப் பிறகும் இதே கதை. பயிர் நிற்கும்வரை மாடுகளை வயற்பக்கம் விடாமல் காட்டோரம் மேய்க்கிறோம். மாசி, பங்குனியில் வயல் திறந்ததும் தம்பலகாமத்து அரிதாளில் விட்டால் எந்த மருந்தும் இல்லாமலே உடம்பு பிடிக்கும். தையில் ஊசி போட்டவருக்கு அந்த ஊசி தங்கமாகத் தெரியும்.

மூன்றாவது பொறி, மிக மோசமான நாளில்தான் நாம் மருந்து தேடுகிறோம் என்பது. பால் ஆகக் குறைந்த கிழமையில் பவுடர் வாங்கினால் அடுத்த கிழமை பால் கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் ஆகக் குறைந்த நிலையில் அது நெடுநாள் நிற்காது.

இந்த மூன்றையும் ஒரே அடியில் வெல்ல ஒரு வழிதான் உண்டு. அதே பட்டியில், அதே கிழமையில், பாதிக்குக் கொடுத்துப் பாதிக்குக் கொடுக்காமல் விடுவது.

3. கொப்பியும் கடதாசிகளும்

ஒவ்வொரு மிருகத்துக்கும் ஓர் இலக்கம் வேண்டும். காதுப் பட்டி இருந்தால் அந்த இலக்கம், இல்லாவிட்டால் நீங்களே கொடுக்கும் இலக்கமும் அடையாளமும்: "7, வெள்ளைக் கால், ஒற்றைக் கொம்பு மறி" என்பதுபோல. வயது, நிறை, சினையா இல்லையா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நிறையைக் கண்ணால் மதிக்க வேண்டாம். பூச்சி மருந்து வேலை செய்யாமல் போவதற்குப் பெரிய காரணம் குறைந்த அளவு கொடுப்பது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் தனியே ஏறுங்கள், கழித்தால் ஆட்டின் நிறை.

மருந்துப் போத்தலின் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, பாலும் இறைச்சியும் எத்தனை நாளைக்கு ஆகாது என்ற வரி எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். பில்லைக் கொப்பியில் ஒட்டுங்கள். பில் இல்லாமல் தருகிற இடத்தில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பிறகு மருந்து போலி என்று சந்தேகம் வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பண்ணைப் பதிவு செய்திருந்தால் அந்த இலக்கத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள், அலுவலகத்தில் வேலை சுலபம்.

இன்னொன்று: எதைப் பார்த்து முடிவு சொல்லப் போகிறீர்கள், எத்தனையாம் நாளில் பார்க்கப் போகிறீர்கள் என்பதை மருந்து கொடுக்க முதலே எழுதிவிடுங்கள். "பதினாலாம் நாள், கழிச்சல் உண்டா இல்லையா." அவ்வளவுதான். பிறகு பார்த்து, கழிச்சல் குறையவில்லை, ஆனால் மயிர் மினுங்குகிறது என்று மாற்றினால் எந்த மருந்தும் வென்றுவிடும்.

4. சீட்டுப் போட்டுப் பிரியுங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்குப் பிழைக்கிறது. பட்டிக்குள் இறங்கிக் கையில் அகப்பட்ட ஆறு குட்டிக்கு மருந்து, மற்றதுக்கு இல்லை என்று பிரிக்கிறோம். கையில் அகப்படுவது எது? ஓட மாட்டாத, சோர்ந்த குட்டி. ஓடித் தப்புவது சுகதேகி. அல்லது பாசத்தில் நல்ல குட்டிகளுக்கு மருந்தைக் கொடுக்கிறோம். இரண்டு வழியிலும் போட்டி தொடங்க முதலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இலக்கங்களைச் சின்னக் கடதாசித் துண்டுகளில் எழுதி, மடித்து, ரின்னுக்குள் போட்டுக் குலுக்கிப் பாதியை எடுங்கள். எடுத்த இலக்கத்துக்கே மருந்து. அந்த மறி வேண்டாம், இந்த மறிக்குக் கொடுப்போம் என்று ஒரு தடவை மாற்றினாலும் கீழே வரும் கணக்கு செல்லாது. குட்டியும் பெரிய ஆடும் கலந்திருந்தால் குட்டிகளைத் தனியாகவும் பெரியவற்றைத் தனியாகவும் குலுக்குங்கள்.

இரண்டு கூட்டமும் ஒன்றாகவே மேய வேண்டும், ஒரே தண்ணீர், ஒரே கொட்டில். மருந்து குடித்ததைத் தனியே கட்டினால் கொட்டிலைத்தான் பரிசோதிக்கிறீர்கள்.

5. கொடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர்

மருந்து கிடைக்காத ஆட்டுக்கும் அதே மாதிரியான வேறொரு சிரிஞ்சில், ஊசி இல்லாமல், அதே அளவு சுத்தமான தண்ணீர் பருக்குங்கள். பிடிபட்ட களைப்பு எல்லாவற்றுக்கும் சமமாக இருக்கட்டும். வாயின் ஓரத்தால் வைத்து மெல்லப் பருக்குங்கள். தலையை மேலே நிமிர்த்தினால் சுவாசப் பைக்குள் போய்விடும்.

எந்த இலக்கத்துக்கு மருந்து என்பது ஒருவருக்குத்தான் தெரிய வேண்டும். பதினாலாம் நாள் வாலைத் தூக்கிப் பார்ப்பவர், கண் இமையைத் திருப்பிப் பார்ப்பவர் வேறு ஆள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அவரே போதும். மருந்துக்குக் காசு கொடுத்தவரின் கண் அது வேலை செய்ததாகவே பார்க்கும், அது மனித இயல்பு.

6. கணக்கு

சரி, இப்போது முக்கியமான இடம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: மருந்து வெறும் தண்ணீராகவே இருந்திருந்தாலும், தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு?

முதலில், மருந்து இல்லாத கூட்டம் உங்களிடம் இல்லை, பழைய மாரிகளின் அனுபவம்தான் உண்டு என்று வையுங்கள். வழமையாக மாரியில் பத்துக் குட்டிக்கு மூன்று கழியும். அப்படியானால் ஒரு குட்டி தப்பும் வாய்ப்பு 0.7. ஐந்து குட்டிக்கு மருந்து கொடுத்து ஐந்தும் தப்பினால், 0.7 ஐ ஐந்து தடவை பெருக்குங்கள்: 0.168. அதாவது மருந்தே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஆறு தடவையில் ஒரு தடவை ஐந்தும் தப்பும். பத்துக் குட்டியும் தப்பினால் 0.028, நூறில் மூன்று. அது கவனிக்க வேண்டிய முடிவு. ஆனால் பத்தில் ஒன்று கழிந்துவிட்டால்? ஒன்றுமே கழியாத வாய்ப்பு 0.028, சரியாக ஒன்று கழியும் வாய்ப்பு 10 × 0.3 × 0.7 ஒன்பது தடவை, அதாவது 0.121. கூட்டினால் 0.149. பத்தில் ஒன்பது தப்பியது என்று விற்பவர் சொல்லும் அந்த "தொண்ணூறு வீத வெற்றி", மருந்து இல்லாமலே நூறில் பதினைந்து தடவை வரும்.

இந்த முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது. இந்த வருடம் மழை குறைந்து, வழமையான பத்தில் மூன்று இம்முறை பத்தில் ஒன்றாகிவிட்டால் கணக்கு முழுதும் சரியும். அதனால்தான் சீட்டுப் போட்ட இரண்டு கூட்டம்.

பன்னிரண்டு குட்டி, ஆறுக்கு மருந்து, ஆறுக்குத் தண்ணீர். பதினாலாம் நாள் மூன்று குட்டி கழிகிறது, மூன்றும் தண்ணீர்க் கூட்டத்தில். மருந்துக் கூட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆறுக்கு ஆறு! கொண்டாட முதல் பெருக்குங்கள். மருந்தில் ஒன்றும் இல்லை என்றால் அந்த மூன்று குட்டியும் எப்படியும் கழிந்திருக்கும், சீட்டில் எங்கே விழுந்தன என்பதுதான் கேள்வி. முதலாவது தண்ணீர்ப் பக்கம் விழ 6/12, இரண்டாவதும் விழ 5/11, மூன்றாவதும் விழ 4/10. பெருக்கினால் 120/1320, பதினொன்றில் ஒன்று. நூறில் ஒன்பது தடவை தற்செயலாக நடக்கும் விஷயம். போதாது. நான்கு கழிந்து நான்கும் தண்ணீர்ப் பக்கம் என்றால் இன்னொரு 3/9 ஆல் பெருக்குங்கள்: முப்பத்து மூன்றில் ஒன்று. இப்போது பேசலாம்.

பின்னம் பிடிக்காதவர்கள் பன்னிரண்டு புளியங்கொட்டை எடுத்து ஆறுக்குச் சுண்ணாம்பு தடவுங்கள். ரின்னுக்குள் குலுக்கி, பார்க்காமல் மூன்றை எடுங்கள். மூன்றும் சுண்ணாம்பாக வந்தால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் போட்டுக் குலுக்கி நூறு தடவை செய்தால் ஒன்பதுக்குக் கிட்டக் கோடு விழும். ஒரு பின்னேரம் போதும். தற்செயல் எவ்வளவு பலமானது என்று கை உணரும்போதுதான் நம்பிக்கை வருகிறது, எனக்கும் அப்படித்தான் வந்தது.

கூட்டம் சிறிது என்றால் எவ்வளவு நல்ல முடிவும் உதவாது. இரண்டுக்கு இரண்டு பார்த்தால், மருந்து குடித்த இரண்டும் தேறி மற்ற இரண்டும் தேறாவிட்டாலும் ஆறில் ஒன்று தற்செயல். மூன்றுக்கு மூன்று என்றால் ஆகச் சிறந்த முடிவே இருபதில் ஒன்று. பொதுவாக இருபதில் ஒன்றைவிடக் குறைந்தால் கவனிக்கலாம் என்பது வழக்கம், அது கல்லில் எழுதிய எல்லை அல்ல. என் அபிப்பிராயம், பக்கத்துக்கு ஆறுக்குக் குறைய இருந்தால் தொடங்கவே வேண்டாம், அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொறிகள். பதினொன்றில் ஒன்று என்பது "மருந்து வீண் என்பதற்கு வாய்ப்பு பதினொன்றில் ஒன்று" என்று பொருள்படாது. மருந்து வீணாக இருந்தால் இப்படி நடக்கும் வாய்ப்புத்தான் அது. மருந்து நல்லதா என்று தீர்மானிக்க ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்க்க வேண்டும். உலகம் முழுதும் பாவிக்கும் பூச்சி மருந்துக்குச் சின்னச் சான்றே போதும். பெயர் இல்லாத போத்தலில் வரும் தூளுக்கு நிறையச் சான்று வேண்டும்.

ஐந்து மருந்தை அடுத்தடுத்துப் பரிசோதித்தால், ஐந்தும் வெறும் தண்ணீராக இருந்தாலும், ஒன்றாவது "இருபதில் ஒன்று" எல்லையைத் தாண்ட நூறில் இருபத்து மூன்று தடவை வாய்ப்பு உண்டு. பத்து மருந்து என்றால் நாற்பது. ஊரில் பத்துப் பேர் தனித்தனியே பார்த்து, வென்றவர் மட்டும் தேநீர்க் கடையில் பேசினாலும் இதே கணக்குத்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தொற்று. 0.7 ஐப் பத்துத் தடவை பெருக்கும்போது ஒவ்வொரு குட்டியின் விதியும் தனித்தனி என்று நம்புகிறோம். தொற்றுநோயில் அப்படி இல்லை, ஒன்று பிடித்தால் எல்லாம் பிடிக்கும். உங்கள் பட்டியில் ஒரு குட்டிக்கும் நோய் வராதது மருந்தால் அல்ல, நோய் வாசலுக்கே வராததால் இருக்கலாம். அங்கே பத்துக் குட்டி என்பது பத்து அல்ல, ஒரு பட்டி, ஒரு சான்று.

அப்புறம், நடுவில் செத்ததையும் விற்றதையும் கொப்பியிலிருந்து வெட்ட வேண்டாம். மருந்துக் கூட்டத்தில் செத்தது அந்தக் கூட்டத்தின் தோல்வியாகவே நிற்க வேண்டும்.

7. பூச்சி மருந்து என்றால் புழுக்கையைப் பாருங்கள்

மாரியில் ஆடுகளை வருத்தும் முக்கியமான புழு இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு. அதற்கு அடையாளம் பெரும்பாலும் கழிச்சல் அல்ல. வெளிறிய கண் இமை, தாடைக்குக் கீழே நீர் கோர்த்தல். குட்டிக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் கொக்சிடியா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. அது புழு அல்ல, வழமையான பூச்சி மருந்து அதற்கு ஒன்றும் செய்யாது. குட்டி எதிர்ப்புச் சக்தி வந்து தானாகத் தேறும், பெயர் பூச்சி மருந்துக்குப் போகும். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா அட்டை இமையின் நிறத்தைச் சிவப்பு 1 முதல் வெள்ளை 5 வரை பிரிக்கிறது. வைத்தியரிடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சரியான அளவுகோல் புழுக்கையில் உள்ள புழு முட்டைகளின் எண்ணிக்கை. மருந்து கொடுக்கும் நாளில் பத்து ஆட்டின் புழுக்கை, 10 முதல் 14 நாளில் அதே பத்து ஆட்டின் புழுக்கை. அதற்கு முந்தினால் சாகாத புழுவும் தற்காலிகமாக முட்டை நிறுத்தியிருக்கும். மிகப் பிந்தினால் மருந்துக்குப் பிறகு மேய்ச்சலில் புகுந்த புதுப் புழு முட்டையிடத் தொடங்கிவிடும், அதற்கு ஏறக்குறைய மூன்று கிழமை.

நிலத்தில் கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். கையுறை போட்டு ஆட்டிடமிருந்தே எடுங்கள். சின்னப் பொலித்தீன் பையில் காற்றை அமத்தி வெளியேற்றிக் கட்டி, இலக்கத்தைக் கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதிப் பையோடு சேர்த்துக் கட்டுங்கள், பேனை மை ஈரத்தில் கரையும். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள், ஆனால் உறைய விடாதீர்கள். எங்கள் வெயிலில் வெளியே வைத்தால் முட்டை பொரித்துவிடும், எண்ண ஒன்றும் மிஞ்சாது. எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள், ஒரு மாதிரிக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். திங்கள், செவ்வாயில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் வார இறுதி முழுதும் கிடக்கும்.

முடிவு வந்ததும் பத்து ஆட்டின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். முன்பு 9000, பின்பு 1800 என்றால் குறைவு 80 வீதம். 95 வீதத்துக்குக் கீழே என்றால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும், அளவு சரியாகக் கொடுத்திருந்தால்.

ஒரே ஆட்டை வைத்து முடிவு எடுக்காதீர்கள். வழமையான எண்ணும் முறையில் கண்ணாடியில் காணும் ஒரு முட்டை, ஒரு கிராமுக்கு 50 முட்டையாக எழுதப்படும். 200 இலிருந்து 100 ஆகப் பாதியாகக் குறைந்தது என்றால், உண்மையில் நாலு முட்டைக்குப் பதில் இரண்டைக் கண்டார்கள் என்பதுதான். ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும், சராசரி நாலு உள்ள இடத்தில் இரண்டோ அதற்குக் குறையவோ காண நூறில் இருபத்து நான்கு தடவை வாய்ப்பு உண்டு. முதல் எண்ணிக்கையின் சராசரி 150 க்கு மேல் இருந்தால்தான் இந்தப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு.

8. செலவும் காலமும்

மருந்து பாதி ஆட்டுக்குத்தான், ஆகவே வழமையில் செலவழிப்பதில் பாதி. அதற்கு மேல் ஆய்வுகூடக் கட்டணம் இருபது மாதிரிக்கு, ஐஸ், கையுறை, போக்குவரத்து. மறந்துபோகும் செலவு பால். லேபிளில் உள்ள நாட்கள் முடியும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது, தயிருக்கும் ஊற்றக் கூடாது. அன்ரிபயோட்டிக் கலந்த பாலில் உறை பிடிக்காது. ஒரு மாட்டின் பாலைக் கலந்ததால் சட்டி சட்டியாகத் தயிர் உறையாமல் நீர்த்துக் கிடக்கும்.

மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் கட்டுமா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, மருந்து இல்லாமல் பத்தில் மூன்று கழியும், மருந்தோடு பத்தில் ஒன்று, ஓர் ஆட்டுக்கு 200 ரூபா. பத்துக்குக் கொடுத்து இரண்டைக் காப்பாற்றுகிறீர்கள், அதாவது ஒரு குட்டியின் நோயைத் தடுக்க 1000 ரூபா. குட்டியின் விலை, மினக்கெடும் நேரம் எல்லாம் பார்த்து அது கட்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பூச்சி மருந்துக்கு நல்ல காலம் மழை பிடித்து ஒரு மாதத்துக்குப் பிறகு, கார்த்திகை, மார்கழி. ஹஜ்ஜுப் பெருநாள் கிட்ட வரும்போது தொடங்க வேண்டாம். கிடாய்கள் விற்பட்டுக் கூட்டம் குலைந்துவிடும், இறைச்சிக்கான தடை நாளும் இடிக்கும். வயல் திறக்கும் கிழமையிலும் வேண்டாம்.

கடைசி நாள் எண்ணி முடித்ததும், மருந்து வேலை செய்திருந்தால் தண்ணீர் குடித்த கூட்டத்துக்கும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அந்தத் திகதியைக் கொப்பியில் தனியே எழுதுங்கள். அவற்றின் பாலுக்கும் இறைச்சிக்கும் தடை நாள் அன்றிலிருந்துதான் தொடங்கும்.